அம்புக்குறி இல்லாத தீவு

அட்டை கிழிந்த இருநூறு பக்க நோட்டு ஒன்று, எத்தனையோ வீடு மாறியும் என்னோடு வந்துகொண்டிருக்கிறது. முதல் இரண்டு பக்கம் வாடகை, கேஸ், தண்ணீர் கேன் கணக்கு. மூன்றாம் பக்கத்தில் கணக்கு நின்றுபோய் வழி தொடங்குகிறது. ‘பால்மோரா தெற்குப் பக்கம் இறங்கு. ஆற்றுப் பாலம். மூன்மாத் கோட்டை. அதைத் தாண்டி கைகாட்டி. பள்ளத்துக்கு மேலே பழைய பாலம். தாண்டினதும் இருக்காது, தேடணும்.’ ‘தேடணும்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

அந்த ஊர் எந்த நாட்டு மேப்பிலும் இல்லை. ஒரு கேமுக்குள் இருக்கும் வார்டன்ஃபெல் என்ற தீவு அது. 2002 மே மாதம் அமெரிக்காவின் மேரிலாண்டில் இருக்கும் பெத்தெஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையின் மூன்றாவது கேம், மாரோவிண்ட். எனக்கு அது 2004இல்தான் கிடைத்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறை. திருநெல்வேலிப் பக்கத்து நண்பன் ஒருவனும் நானும் பாதிப் பாதி போட்டு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பெண்டியம் 4, 256 எம்பி ராம், எம்எக்ஸ் 440 கிராபிக்ஸ் கார்டு. அந்தக் காலத்தில் மாரோவிண்டின் கடலைப் பார்த்து ஊரே வியந்தது. வானம் அதில் நெளிந்து தெரியும். எங்கள் கார்டுக்கு அந்த வித்தை தெரியாது. எங்கள் கடல் வெறும் நீலத் தகரம்.

சிடி ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய நகல் (அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன், அப்போது படவில்லை). அசல் பெட்டி வாங்கியவர்களுக்கு உள்ளே தீவின் படத்தை அச்சிட்ட தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்ததாம். எங்களுக்கு அது கிடையாது. கேமுக்குள் இருந்த மேப்போ நாம் நடந்த இடம்வரைதான் வெளுக்கும், மீதியெல்லாம் இருட்டு. அதனால்தான் நோட்டு. நோட்டில் பென்சிலால் ஒரு தீவு. அவன் வரைந்த கடற்கரையும் நான் வரைந்த கடற்கரையும் ஒன்றோடொன்று ஒட்டாது.

கைதியாக ஒரு கப்பலில் கண்விழிக்கிறாய். செய்டா நீன் என்ற சேற்றுக் கிராமத்தில் இறக்கிவிடுகிறார்கள். பெயர், இனம், பிறந்த ராசி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பால்மோராவில் கேயஸ் கொசேட்ஸ் என்பவரிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. கேயஸ் சட்டை போடாத கிழவர். பேரரசரின் ஒற்றர்களுக்குத் தலைவர். பொட்டலத்தைக் கொடுத்ததும் உலகத்தைக் காப்பாற்றும் வேலையைத் தருவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவரோ 200 காசைக் கொடுத்து, நீ இன்னும் பிஞ்சு, ஏதாவது சங்கத்தில் சேர்ந்து ஊரைச் சுற்றிப் பழகிவிட்டு வா என்கிறார். கதையின் முக்கியமான ஆளே ‘கதையை விட்டுவிட்டுப் போ’ என்று அனுப்பிவைத்த கேமை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அடுத்த ஒரு மாதம் நாங்கள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

போன பிறகு வந்ததுதான் நோட்டின் மூன்றாம் பக்கம். பாலத்துக்கு அப்பால் ஆர்க்நதாண்ட் என்ற பாழடைந்த பழங்காலக் கோட்டை. அதற்குள் ஒரு புதிர்ப் பெட்டி. எடுத்துவர வேண்டும். முதல் நாள் கோட்டையைக் கண்டுபிடித்தோம், கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாள் பாதிப் பொழுது அந்தக் கதவைச் சுற்றிச் சுற்றியே போனது. கதவுக்கு எதிரே, பள்ளத்துக்கு மேலே ஓடும் ஒரு குழாயில் திருகு ஒன்று இருக்கிறது. அதைத் திருகினால்தான் திறக்கும். திருகு பளபளக்காது, ‘என்னைத் தொடு’ என்று எழுத்து மின்னாது. மூன்றாம் நாள் உள்ளே போய், கொள்ளையர்களிடம் நாலைந்து முறை செத்து, பெட்டியைத் தேடினோம். அது ஓர் அலமாரியில் தட்டு முட்டுச் சாமான்களோடு சாமானாக உட்கார்ந்திருந்தது. இருமுறை அதைக் கடந்து போயிருக்கிறோம்.

“என்னல இப்பிடி வழி சொல்லுதான் இவன்? எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல கேட்ட மாதிரில்லா இருக்கு” என்றான் நண்பன்.

உண்மைதான். அந்தத் தீவில் வழி என்பது மனிதர்கள் வாயால் சொல்வது. ஆற்றோரமாகவே போ, இரண்டாவது கைகாட்டியில் திரும்பு, குன்றுக்குப் பின்னால் இருக்கிறது என்பார்கள். சில சமயம் தவறாகவும் சொல்வார்கள். மேற்கு என்றால் அது மேற்காக இருக்காது. அந்த வழியெல்லாம் ஒரு டைரியில் தேதி வரிசைப்படி ஏறிக்கொண்டே போகும். மூன்று வாரம் முன்பு யாரோ சொன்ன குகையைத் தேட வேண்டுமென்றால் அறுபது பக்கம் பின்னால் புரட்ட வேண்டும். 2002இன் இறுதியில் வந்த கூடுதல் பாகத்தில்தான் டைரியை வேலைவாரியாகப் பிரித்தார்கள். எங்கள் சிடியில் அதுவும் இல்லை.

ஊருக்கு ஊர் போக சில்ட் ஸ்ட்ரைடர் என்ற வாகனம் உண்டு. பனை உயரத்துக்கு நிற்கும் பூச்சி. அதன் ஓட்டுக்குள் குடைந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். எல்லா ஊருக்கும் எல்லாப் பூச்சியும் போகாது. இங்கே ஏறி அங்கே இறங்கி, அங்கிருந்து படகு பிடித்து, மந்திரவாதிகள் சங்கத்தில் காசு கட்டி இன்னோர் ஊருக்குத் தாவி, கடைசி மைல்களை நடந்துதான் தீர்க்க வேண்டும். நடக்கும்போது தலைக்கு மேலே கிளிஃப் ரேசர் என்ற சனியன்கள் கீச்சிட்டுக்கொண்டே துரத்தும். மாரோவிண்டை நேசிக்கும் ஒருவர்கூட அந்தப் பறவையை நேசித்ததில்லை. ஜெரமி சோலின் இசை மெல்ல எழுந்துவரும் நேரம் பார்த்துத்தான் அதுகளும் வரும்.

நடந்ததால் கிடைத்தவை சில. செய்டா நீனுக்கு வெளியே நடந்துகொண்டிருக்கும்போது வானத்திலிருந்து அலறிக்கொண்டு ஒருவன் விழுந்து செத்தான். அவன் பையில் மூன்று மந்திரச் சுருள். படித்தால் மலை உயரம் தாவலாம். தாவிய பிறகு இறங்குவது எப்படி என்று அதில் எழுதவில்லை. அவன் ஏன் செத்தான் என்பது இரண்டாவது தாவலில் எங்களுக்கும் புரிந்தது. இன்னொரு நாள் சாலையோரம் ஒரு பெண், நார் மோக் ஊர்வரை துணைக்கு வந்தால் பூட்ஸ் தருகிறேன் என்றாள். போட்டால் காற்றாய்ப் பறக்கலாம். ஆனால் கண் தெரியாது. ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பு. நண்பன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டான்: மந்திர எதிர்ப்பை ஏற்றிக்கொண்டு, அது இறங்குவதற்குள் பூட்ஸை மாட்டினால் குருடு ஒட்டாது, வேகம் மட்டும் ஒட்டும். இதை யாரும் சொல்லித்தரவில்லை. தடுக்கவும் இல்லை. அறிவு மருந்து காய்ச்சிக் குடித்து, கூடிய அறிவால் இன்னும் வீரியமாகக் காய்ச்சிக் குடித்து, கடவுளை விடப் புத்திசாலியாவதும் அப்படித்தான். காய்ச்சியதையெல்லாம் கால்டெராவில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் குட்டிப் பிசாசிடம் விற்பான். எந்தக் கடைக்காரனும் தராத முழு விலையை அந்தப் பிசாசு தரும்.

ஒரு சனிக்கிழமை அவன் கேயஸைக் கொன்றுவிட்டான். காரணம் கேட்டால் ‘சும்மாத்தான்’. ஸ்கிரீனில் ஒரு செய்தி வந்தது: விதியின் நூல் அறுந்துவிட்டது, பழைய சேவுக்குப் போ, இல்லையென்றால் நீ உண்டாக்கிய இந்தக் கெட்டுப்போன உலகத்திலேயே கிட என்ற பொருளில். அதைப் படிக்காமல் எண்டர் தட்டி, அதன் மேலேயே சேவும் செய்துவிட்டான். பழைய சேவ் எதுவும் இல்லை. இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் பேசினேன், ஏனென்றால் அந்த உலகம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. படகுக்காரன் படகு ஓட்டினான், பூச்சி கத்தியது. கதை மட்டும் இல்லை. கதை இல்லாத அந்தத் தீவில் நாங்கள் ஐந்து மாதம் வாழ்ந்தோம். வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது, அப்போதும் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை என்று. நோயாளிகளை அடைத்துவைத்திருக்கும் குகை ஒன்றில், அந்தப் பழங்கோட்டைகளைக் கட்டிய இனத்தின் கடைசி மனிதர், நடக்க முடியாத உடம்போடு இயந்திரச் சிலந்திக் கால்களின் மேல் உட்கார்ந்திருக்கிறார். தெய்வமாக வணங்கப்படும் ஒருவரையே கொன்று, அவரிடமிருக்கும் கையுறையை எடுத்து இவரிடம் கொடுத்தால், ஆபத்தான குறுக்கு வழியில் கதையை முடித்துவிடலாம். அதாவது, கேமை உருவாக்கியவர்கள் ஆட்டக்காரன் எல்லாவற்றையும் கெடுத்த பிறகு என்ன ஆகும் என்றும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதை எந்தப் பலகையிலும் எழுதிவைக்கவில்லை.

இப்படிச் செய்யத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1997இலும் 1998இலும் பெத்தெஸ்டா வெளியிட்ட இரண்டு எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம்களும் சரியாகப் போகவில்லை. கடையை மூடும் நிலை. இழப்பதற்கு ஒன்றுமில்லாததால்தான் விரும்பியதைச் செய்தோம் என்ற பொருளில் திட்டத் தலைவர் டாட் ஹோவர்ட் பிற்பாடு பேசியிருக்கிறார். கென் ரோல்ஸ்டன் தலைமையில் வடிவமைத்த குழு, காளான் மரங்களும் சாம்பல் புயலும் வந்தேறிகளை வெறுக்கும் உள்ளூர்க்காரர்களுமாக யாருக்கும் பழகாத ஒரு தீவைக் கையால் கட்டியது. பிழைத்துக்கொண்டார்கள். பிழைத்த பிறகு இழப்பதற்கு நிறைய வந்துவிடுகிறது.

2006 மார்ச்சில் அடுத்த கேம், ஆப்லிவியன். புது கார்டு வாங்கியிருந்தோம். இந்தத் தடவை கடல் கடலாகவே இருந்தது. ஸ்கிரீனின் அடியில் ஒரு காம்பஸ், அதில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி. நண்பன் பெருமூச்சு விட்டான்: “அப்பாடா, இப்பவாவது வச்சானே.” நானும் தலையாட்டினேன். இதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை எழுதினால் அது பொய். அம்புக்குறி வேண்டுமென்று கேட்டவர்கள் நாங்கள்தான். ஆர்க்நதாண்ட் கதவின் முன்னால் இரண்டாம் நாள் நாங்கள் கெட்ட வார்த்தையில் கேட்டதே அதைத்தான்.

ஒரு வாரம் கழித்து, பார்த்த ஊர்களின் பெயர் ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்று தெரிந்தது. கண் முழு நேரமும் ஸ்கிரீனின் அடிப்பகுதியில். போன ஊருக்கு மறுபடி போக மேப்பில் கிளிக் செய்தால் போதும். நண்பன் வழக்கம்போல ஒரு பிரபுவைக் கத்தியால் குத்தினான். அவர் மயங்கி விழுந்து, சற்று நேரத்தில் எழுந்து, தூசி தட்டிக்கொண்டு நின்றார். கதைக்கு வேண்டியவர்கள் இனி சாக மாட்டார்கள். அதோடு நாம் வளர வளர உலகமும் கூடவே வளர்ந்தது. சாலையில் வழிமறிக்கும் பிச்சைக்காரத் திருடன் ஒரு மாளிகை விலை பெறும் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு நம்மிடம் சில்லறை கேட்டான். நோட்டை எடுக்கவேண்டிய தேவை ஒரு நாளும் வரவில்லை.

சோம்பலால் அப்படிச் செய்தார்கள் என்று அப்போது திட்டிக்கொண்டிருந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. மாரோவிண்டில் பேச்செல்லாம் பெரும்பாலும் எழுத்து. ஒரு கிழவி வழி சொல்ல அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம், காசு ஆகாது. ஆப்லிவியனில் ஒவ்வொரு வரிக்கும் குரல். பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் ஷான் பீனும் பேசினார்கள். குரல் வந்ததும் பேச்சு சுருங்கியது, சுருங்கிய பேச்சில் வழி சொல்ல இடமில்லை, அந்த வேலையை அம்புக்குறி ஏற்றுக்கொண்டது. மனிதர்கள் தாமாக எழுந்து, சாப்பிட்டு, ஊருக்கு ஊர் நடக்கவும் தொடங்கினார்கள். நடப்பவன் வழியில் ஓநாயிடம் மாட்டிச் சாவான். அவன் செத்தால் ஆட்டக்காரன் செய்யாத தவறுக்குக் கதை அறுந்துபோகும். அதனால் சாகா வரம். ஊர்களைத் தனித்தனி அறைகளாகச் சுவர் கட்டிப் பிரித்ததால், பறக்கும் மந்திரமும் போயிற்று. மதிலுக்கு மேலே பறந்தால் அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காதே. ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. மொத்தமாகச் சேர்ந்தபோது ஒரு தீவு முழுகிவிட்டது.

2011 நவம்பர் 11இல் வந்த ஸ்கைரிம் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடிப் பார்த்தேன். முடியாது. பல வேலைகளில் யாரும் வழி சொல்வதே இல்லை. ‘அந்த வாளைக் கொண்டுவா’ என்பதோடு சரி. வழிச் சொற்களை மறுபடி எழுதிச் சேர்க்கும் திருத்தங்களை (மாட்) ரசிகர்களே செய்யவேண்டி வந்தது.

நான் இப்படிப் புலம்பும்போது ஒன்றை மறந்துவிடக்கூடாது. இதே வரிசையில் 1996இல் வந்த டேகர்ஃபாலை ஆடியவர்கள் மாரோவிண்டைப் பார்த்து இதே புலம்பலைப் புலம்பினார்கள். அதில் கிட்டத்தட்ட பிரிட்டன் அளவுக்கு நிலம், 15,000 ஊர்கள். கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் பரப்பியது. சுவரில் ஏறலாம், வங்கியில் கடன் வாங்கி ஏமாற்றலாம். அவர்களுக்கு எங்கள் தீவு கொல்லைப்புறம். ஆப்லிவியனில் தொடங்கிய பையன்களோ ஸ்கைரிம் வந்தபோது மந்திரம் செய்யும் மேசையைக் காணோம் என்று அழுதார்கள். ‘எங்க காலத்துல’ என்ற சொல்லுக்குக் கேம் உலகத்தில் ஐந்து ஆண்டுதான் ஆயுள்.

2018 ஜூனில் ஆறாம் பாகத்தின் அறிவிப்பாக ஒரு நிமிடம்கூட ஓடாத காட்சி ஒன்று வந்தது. மலை, மூடுபனி, பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் அந்த மலைக்குப் பின்னால் தன் பதினெட்டு வயதைக் கட்டிவைத்துக் காத்திருக்கிறோம். எந்தக் கம்பெனியால் அதைத் தரமுடியும்? நடுவில் 2023இல் ஆயிரம் கிரகங்களோடு ஸ்டார்ஃபீல்ட் வந்தது. மூன்று கிரகத்தில் இறங்கினேன். எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே போனாலும் வழிதவற முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த எல்டன் ரிங் இவ்வளவு கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை; ஆட்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆக, கேட்கத் தெரியாத ஏதோ ஒன்றை ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன ஆண்டு அசல் மாரோவிண்டைக் காசு கொடுத்து வாங்கினேன். அதன் எஞ்சினை ஆர்வலர்கள் முதலிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். ஓபன்எம்டபிள்யூ என்று பெயர், இலவசம். லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதே கப்பல், அதே சேற்றுக் கிராமம், இந்தத் தடவை கடலில் வானம் நெளிந்தது. ஆனால் பீப்பாயில் கிடக்கும் மோதிரம் யாருடையது என்று எனக்குத் தெரியும். எந்த மரக்கட்டைக்குள் அவன் காசை ஒளித்திருக்கிறான் என்று தெரியும். வானத்திலிருந்து அந்த ஆள் விழப்போகும் இடத்தில் போய் நின்றுகொண்டு காத்திருந்தேன், ரயிலுக்கு நிற்பதுபோல. சொன்ன நேரத்துக்கு விழுந்தான். ஆர்க்நதாண்ட் போய்த் திரும்பப் பத்து நிமிடம். கேம் அப்படியே இருந்தது. அது தெரியாத நான்தான் இல்லை.

தீவுக்குக் கிழக்கே, அசல் கேமில் இல்லாத பெருநிலப் பகுதியை டாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் கூட்டம் 2001லிருந்து கட்டிக்கொண்டிருக்கிறது. மாரோவிண்ட் வெளிவருவதற்கும் முன்பிருந்தே. சம்பளமில்லை. கட்டியவரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் இரவு படகு ஏறி அங்கே போனேன். எந்தத் துறைமுகம் என்றே தெரியாது. ஒரு கிழவன் அரைப் பக்கத்துக்கு வழி சொன்னான். குன்றின் வலப்பக்கம் என்றான்; இரண்டு குன்று இருந்தது. மணி ஒன்றரை ஆகிவிட்டது, மறுநாள் ஆபீஸ். எழுந்துபோய் அலமாரியில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன், ஒரு வெற்றுப் பக்கம் கிடைக்குமா என்று.

புரட்டும்போது அவன் கையெழுத்து. ‘ரெண்டு பெரிய காளானுக்கு நடுவுல போ. கதவு இருக்கு. சாவி இல்ல.’ எந்த ஊர், எந்தக் கதவு, ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த அந்தத் தீவில் இந்த ஒரு கதவு மட்டும் ஞாபகத்தில் இல்லை. அவன் இப்போது மெல்போர்னில். அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். பின்னால் அவன் மகள் ஸ்கூல் பையைத் தேடிக்கொண்டிருக்கும் சத்தம்.

“எந்தக் காளான்ல இது? எனக்கு எங்க ஞாபகம் இருக்கு” என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சாவி கிடைச்சிச்சா?” என்றான்.